கையிருப்புக்குள் உயர்கல்வி: வாசகர் கேள்வியும் பதிலும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. பிள்ளை படிக்க விரும்புகிறது, பெற்றோரும் படிப்பிக்க விரும்புகிறார்கள், ஆனால் வீட்டு வருமானம் அதற்கு இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதில் கேட்கப்பட்டதைப் பல வீடுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதால் அதைச் சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: என் கணவர் கடற்றொழில் செய்கிறார். மாரி தொடங்கினால் படகு கரையில்தான் கிடக்கும். அந்த மாதங்களைக் கடன் வாங்கியே கடக்கிறோம். மூத்த மகள் வர்த்தகப் பிரிவில் ஒரு பி, இரண்டு சி எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழகம் கிடைக்குமா என்பது சந்தேகம். கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தின் சார்பில் வந்தவர், மூன்று வருடத்தில் வெளிநாட்டுப் பட்டம் கிடைக்கும், மொத்தக் கட்டணம் 12 இலட்சம் ரூபா, இந்த மாத முடிவுக்குள் 75,000 ரூபா கட்டிப் பதிந்தால் கழிவு உண்டு என்கிறார். நகைகளை அடகு வைத்து இதைக் கட்டலாமா? மீதிக்கு வளவில் ஒரு துண்டை விற்கவும் யோசிக்கிறோம்.
— ஒரு தாய், மூதூர்

பதில்: சகோதரி, இந்த மாத முடிவுக்குள் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளிவருமுன் ஒரு குடும்பத்தை இப்படி அவசரப்படுத்துகிறவர், பிள்ளையின் நன்மையை முன்வைத்து அதைச் செய்யவில்லை. நல்ல நிறுவனம் என்றால் இரண்டு மாதம் கழித்துப் போனாலும் இடம் கொடுக்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 12 இலட்சம் என்பது கட்டணம் மட்டுமே. மகள் கொழும்பில் தங்கவேண்டும், சாப்பிடவேண்டும், பஸ்ஸில் போய்வரவேண்டும், நீண்ட விடுமுறைக்கு ஊருக்கு வரவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சிக்கனமாக மாதம் 40,000 ரூபா என்று வைத்தாலும் 36 மாதங்களுக்கு 14 இலட்சத்து 40,000 ரூபா ஆகிறது. ஆக நீங்கள் யோசிக்கவேண்டிய தொகை 26 இலட்சத்துக்கும் அதிகம். அடகு நகைக்கான வட்டி இதில் சேரவில்லை. தவணை கட்டவேண்டிய நாள், படகு கரையில் கிடக்கும் மாதத்தில் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. வருமானம் பருவத்தோடு ஏறியிறங்கும் வீட்டுக்கு, தவறாமல் வரும் தவணை மிகப் பெரிய சுமை.

கட்டணத்தின் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ கணக்கிடப்படுகிறதா என்றும் கேளுங்கள். 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, படிப்பை நடுவில் நிறுத்திய பிள்ளைகளை நான் நேரில் அறிவேன். கட்டிய பணமும் போய், பட்டமும் இல்லாமல் அவர்கள் வீடு திரும்பினார்கள்.

அடுத்தது பட்டத்தின் பெறுமதி. இலங்கையில் தனியார் நிறுவனமொன்று தன் பெயரிலேயே பட்டம் வழங்குவதானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அதற்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பெற்ற நிறுவனங்களையும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இதைச் சொல்லும்போது என் தங்கையின் மகன் நினைவுக்கு வருகிறான். தாலிக்கொடி தவிர்ந்த நகை எல்லாவற்றையும் விற்று அவனை ஓர் இடத்தில் படிப்பித்தாள். அரச பதவி ஒன்றுக்கான நேர்முகப் பரீட்சையில், அவனுடைய சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகம் அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்று கோவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலை அவன் சாப்பிடாமல் படுத்திருந்ததை நான் மறக்கவில்லை. பட்டமளிக்கும் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுத்தில் வாங்கி, ஆணைக்குழுவிடம் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கும்.

இனி, மகளுக்குத் திறந்திருக்கும் வழிகளைச் சொல்கிறேன். வெட்டுப்புள்ளி வரும்வரை பல்கலைக்கழகக் கதவை நீங்களாகவே மூடிவிடாதீர்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதமானவை மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது, அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. முதற்சுற்றுத் தெரிவின் பின்னர் வெற்றிடங்களை நிரப்பும் சுற்றுகளும் உண்டு. மூன்று பாடங்களிலும் சித்தியடைந்து, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி பெற்றிருந்தால் அவர் விண்ணப்பிக்கத் தகுதியுடையவர். அனுமதிக் கைநூலை வாங்கி, வர்த்தகப் பிரிவுக்குத் திறந்திருக்கும் எல்லாக் கற்கைநெறிகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். முகாமைத்துவத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைநூலை மூடிவைக்கும் பிள்ளைகள் அதிகம்.

அது கிடைக்காவிட்டால், நான் முதலில் கைகாட்டுவது திருகோணமலையிலேயே இருக்கும் உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தை. 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான அரச அமைப்பின் ஒரு கிளை அது. கணக்கியல், தகவல் தொழினுட்பம், ஆங்கிலம் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா கற்பிக்கிறார்கள். முழுநேர மாணவருக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் அந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகு மூதூரிலிருந்து நகரத்துக்கு வள்ளத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டைப் பற்றியும் டிப்போவில் விசாரியுங்கள். கணக்கியல் டிப்ளோமா நான்கு வருடம். அரச பதவிகள் சிலவற்றுக்கு அது வணிகமாணிப் பட்டத்துக்கு நிகராக ஏற்கப்பட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு பதவிக்கும் வர்த்தமானி அறிவித்தலில் என்ன எழுதியிருக்கிறது என்பதே இறுதியானது. “டிப்ளோமாதானே” என்று உறவினர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களில் ஒருவரும் உங்கள் அடகுச் சீட்டுக்கு வட்டி கட்டப்போவதில்லை.

அதே காலத்தில் ஏ.ஏ.ரி. எனப்படும் ஆரம்பக் கணக்கியற் பரீட்சைகளையும், பின்னர் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளையும் எழுதலாம். அவற்றில் பணம் பரீட்சைக்குப் பரீட்சையாகவே போகும். கையில் இல்லாத பருவத்தில் ஒரு தவணை தள்ளிப்போட்டாலும் முன்பு எடுத்த சித்தி வீணாகாது. பட்டயக் கணக்காளராவதற்குக் கட்டாயமான செய்முறைப் பயிற்சிக் காலத்தில் பயிலுனருக்கு ஒரு கொடுப்பனவும் கிடைக்கும். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைக்கு வருமானம் குறைந்த வீட்டிலிருந்து ஏறக்கூடிய மிக உறுதியான படி இது என்பது என் கருத்து.

ஆசிரியர் தொழிலில் விருப்பம் இருந்தால் தேசிய கல்வியியற் கல்லூரிகளின் வர்த்தமானி அறிவித்தலையும் கவனித்துக்கொண்டிருங்கள். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. கட்டணம் இல்லை, பயிலுனருக்கு உதவிப்பணமும் உண்டு. கிழக்கில் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இவை இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் பிறகும் தனியார் பட்டம்தான் என்று முடிவானால், உயர்கல்வி அமைச்சு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்துக்கு விண்ணப்பிக்காமல் நகையைத் தொடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள், அமைச்சு ஏற்றுக்கொண்ட அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் குறிப்பிட்ட பட்டப்படிப்புகளைப் படிக்க அரச வங்கி மூலம் இந்தக் கடன் வழங்கப்படுகிறது. வட்டியை அரசாங்கம் செலுத்தும்; வாங்கிய முதற்பணத்தை, பட்டப்படிப்பு முடிந்து சிறிது காலத்தின் பின் மகள்தான் திருப்பிச் செலுத்தவேண்டும், அதற்குப் பிணையாளர்களும் வேண்டும். உங்களிடம் வந்தவர் சொன்ன நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று தெரியவந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய தகவல்.

வளவை விற்க வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும். அடகுக் கடைக்குப் போவதானால் அது பருவச்சீட்டுக்கும் புத்தகத்துக்குமான சிறு தொகைக்காக மட்டும் போகட்டும்.

கேள்வி: கணிதப் பிரிவில் நல்ல இசட் புள்ளி பெற்றிருக்கிறேன். பொறியியல் கிடைக்கலாம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அப்பா குத்தகைக் காணியில் வயல் செய்கிறார், தங்கைகள் இருவர் பாடசாலையில் படிக்கிறார்கள். வீட்டுக்குக் கிட்டவாக இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை முதலாவதாகப் போடும்படி அம்மா சொல்கிறா. மொறட்டுவை போன்ற தூர இடங்களைப் போடப் பயமாக இருக்கிறது.
— ஒரு மாணவர், தம்பலகாமம்

பதில்: தம்பி, அம்மாவின் கவலை நியாயமானது, ஆனால் அதற்காக விண்ணப்பத்தின் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வியின் பயனாக, மானியங்கள் ஆணைக்குழு ஊடாக அனுமதி பெறும் முதற் பட்டத்துக்கு எந்த அரச பல்கலைக்கழகத்திலும் கற்பித்தற் கட்டணம் இல்லை. நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலுள்ள வளாகத்திலும் மொறட்டுவையிலும் அது ஒரே பூச்சியம்தான். வித்தியாசம் சோறு, படுக்கை, பஸ் காசு ஆகியவற்றில் மட்டுமே வருகிறது. முதலாம் வருடத்திலும் இறுதி வருடத்திலும் தூரத்து மாணவருக்குப் பெரும்பாலும் விடுதி கிடைக்கும். நடு வருடங்களில் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டே எத்தனையோ பிள்ளைகள் பொறியியலாளர்களாக வந்திருக்கிறார்கள்.

திருகோணமலை வளாகம் நல்ல இடம். கணினி விஞ்ஞானம், தொடர்பாடல், வணிக முகாமைத்துவம், சித்த மருத்துவம் ஆகியவற்றில் எங்கள் மாவட்டத்துக்கு அது செய்துவரும் தொண்டு பெரியது. ஆனால் அங்கே பொறியியற் பீடம் இல்லை. பொறியியல்தான் விருப்பம், தூரம்தான் பயம் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தையும் ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் வரிசையில் மேலே போடலாம். உங்கள் புள்ளி இடங்கொடுக்கும் கற்கைநெறிகளில் நீங்கள் முன்னால் எழுதியதே உங்களுக்கு வழங்கப்படும் என்பதால், செலவுக்குப் பயந்து விருப்பமில்லாததை மேலே எழுதினால் அதுவே கையில் வந்து நிற்கும். ஒருமுறை அனுமதி பெற்றுப் பதிந்துவிட்டால் இன்னொரு வருடம் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அம்மாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, நான்கு வருடச் செலவைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள்; இந்தக் கணக்கில் அடுத்த பதிலில் வரும் மகாபொல புலமைப்பரிசிலையும் சேருங்கள்.

கேள்வி: எங்கள் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறா. அப்பா கூலி வேலை. மகாபொல விண்ணப்பத்தில் அம்மாவின் சம்பளத்தைக் காட்டினால் கிடைக்காது, காட்ட வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு மாணவி, குச்சவெளி

பதில்: உண்மையை எழுதுங்கள் மகள். பொய்யான வருமானம் பின்னர் தெரியவந்தால் உதவி நிறுத்தப்படுவதோடு வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள், பல்கலைக்கழகத்தில் உங்கள் பெயரும் கெடும். அம்மா அனுப்பும் பணம் எவ்வளவு, அதில் வெளிநாடு போக எடுத்த கடனுக்குப் போவது எவ்வளவு, படிக்கும் சகோதரர்கள் எத்தனை பேர் என்பவற்றுக்கு வங்கிப் பதிவு, பாடசாலைக் கடிதம் போன்ற ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அப்பாவின் கூலி மாதத்துக்கு மாதம் மாறுவதையும் அவருக்குச் சொல்லவேண்டும். வேலை நிறைந்திருக்கும் ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிட்டால் அது உங்கள் உண்மையான வருமானமாக இராது. பிரதேச செயலகத்தின் ஒப்பமும் வேண்டியிருப்பதால் கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள்.

1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல, 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது கிடைக்காதவர்களில் தேவையுடையோருக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவானது. ஆகவே ஒன்று தவறினாலும் மற்றையதற்கு இடமுண்டு. இந்தப் பணம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே வருவதில்லை. தவணைகள் பிந்துவதும் வழக்கம். முதல் நான்கைந்து மாதச் சாப்பாட்டுக் காசைக் கையில் வைத்துக்கொண்டே பயணம் தொடங்குங்கள். விரிவுரை வரவு குறைந்தால் உதவி தடைப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: மகன் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான். மின்சார வேலையில் கெட்டிக்காரன். தனியார் டிப்ளோமா ஒன்றுக்கு மூன்று இலட்சம் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
— ஒரு தந்தை, கிண்ணியா

பதில்: ஐயா, அந்த மூன்று இலட்சம் உங்களிடமே இருக்கட்டும். திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் மின்னியல் பயிற்சியை மிகக் குறைந்த செலவில் அல்லது செலவின்றிப் பெறலாம். நைற்றா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகார சபை ஊடாகச் சேர்ந்தால் ஒரு தொழிலகத்தில் வேலை பழகிக்கொண்டே சான்றிதழ் எடுக்கலாம். சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும், துறைமுகமும், நிலாவெளி ஹோட்டல்களும் இருக்கும் ஊரில் மின்னியலாளனுக்கு வேலைக்குக் குறைவில்லை.

நீங்கள் எங்கே சேர்த்தாலும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழா, எத்தனையாம் மட்டம்? ஏழு மட்டங்களைக் கொண்ட அந்த வரிசையில் நான்காம் மட்டம் எடுத்தவர் தேர்ந்த தொழிலாளியாகக் கணிக்கப்படுகிறார். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். யுனிவோடெக் என்று அழைக்கப்படும், இரத்மலானையிலுள்ள தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இந்த வழியால் வருகிறவர்களைப் பட்டப்படிப்புக்கு எடுக்கிறது. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைக்கும் பட்டம்வரை அரச பாதை ஒன்று இருக்கிறது என்பதைக் கிண்ணியாவில் எத்தனை வீடுகள் அறியும் என்ற ஆதங்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 24. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தி, ஆனால் வீட்டுக்கு உழைக்கவேண்டி இருந்ததால் படிப்பு நின்றுவிட்டது. வேலையை விடாமல் இனிப் பட்டம் படிக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: உண்டு, தங்கச்சி. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அதற்குத் திருகோணமலையிலும் ஒரு கற்கை நிலையம் உண்டு. அது அரச பல்கலைக்கழகம்தான், ஆனால் கட்டணம் செலுத்திப் படிக்கவேண்டும். ஒவ்வொரு வருடமும் நீங்கள் பதியும் பாடங்களுக்கு ஏற்பக் கட்டணம் வருவதால், சம்பளம் எவ்வளவுக்கு இடங்கொடுக்கிறதோ அவ்வளவு பாடம் எடுக்கலாம். சமூக விஞ்ஞானக் கலைமாணியைத் தமிழ் மொழியிலும் படிக்கலாம். முகாமைத்துவம் போன்றவற்றுக்கு ஆங்கிலம் வேண்டும். வெளிநாட்டு விருந்தினரோடு தினமும் பேசும் உங்களுக்கு அது பெரிய தடையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

உப்புவெளியில் ஹோட்டல்கள் நிரம்பும் மே முதல் செப்ரெம்பர் வரை விடுமுறை கேட்பது கடினம். பரீட்சைகளும் பகற்பொழுது வகுப்புகளும் எந்த மாதங்களில் வருகின்றன, அவற்றில் எவை திருகோணமலையில் நடக்கும், எவற்றுக்கு மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ போகவேண்டும் என்று பதியுமுன் கற்கை நிலையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பயணச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்தே பாருங்கள். முதல் வருடம் முழுச் சுமையையும் தூக்க வேண்டாம். சில பாடங்களை மட்டும் பதிந்து, இரவு வேலை முடிந்து வந்து எவ்வளவு படிக்க முடிகிறது என்று பாருங்கள். மிகுதியை அடுத்த வருடத்தில் கூட்டிக்கொள்ளலாம்.